மூன்றாம் லயம், ஏழாம் வீடு

காலை எட்டு மணி பத்து நிமிடம், டோக்கியோ நேரம். முதலில் என் கண்ணில் பட்டது ஒரு குழி. கட்டைவிரல் நுனி அளவு, நீள்வட்டம். ஓரத்து மண் காய்ந்து வெளுத்திருந்தது. களிமண்ணில் நாங்கள் செய்து வைத்திருந்த மூன்றாம் லயத்தின் ஏழாம் வீட்டு வாசலில் அது இருந்தது. முந்தின நாள் பள்ளிக்கூடம் விடும்வரை அந்தக் குழிக்குள் ஒரு ரப்பர் விதை இருந்தது.

டோக்கியோ நேரம் என்றால் என்னவென்று நம் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பேரப்பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், அவர்களுக்காக: ஜப்பான்காரர்கள் வந்ததும் கடிகாரங்களை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள். எட்டுப் பத்து என்றால் பழைய நேரம் ஆறு நாற்பது. அப்போதுதான் வெளிச்சம் வந்திருந்தது. ரப்பர்ப் பால் மரங்களுக்கு நடுவே பனி இருந்தது. அந்த வாரம் பள்ளிக்கூடத்தைக் கூட்டும் முறை என்னுடையது. வேறு யாரும் இன்னும் வரவில்லை.

போன வாரம் மாசாயில், அடுக்குமாடி வீட்டுக்குக் கீழே நாம் வழக்கமாக உட்காரும் சாப்பாட்டுக் கடையில், பேச்சு எப்படியோ பள்ளிக்கூடத்துக்குப் போனது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சலித்துக்கொண்டார். "இப்பல்லாம் வாத்தியாரு வாயே தொறக்கிறது இல்ல லா. பேரன் அட்டப்பெட்டிய வெட்டி ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கான். என்னடான்னா, இதுதான் பாடம்ங்கிறான்." தாதியாக இருந்த அம்மாள் விடவில்லை. நம்மையும் அப்படி வளர்த்திருந்தால் நாம் பாதிப் பாடத்தில் தூங்கியிருக்க மாட்டோம் என்றார். பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள். பத்திரிகையில் அத்தனை வருடம் இருந்தவர், ஒரு கருத்துக்கூடவா இல்லை என்று கேட்டார்கள். நான் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

என்னிடம் கருத்து இல்லை. நடந்தது ஒன்று இருக்கிறது. அதை இங்கே எழுதுகிறேன். நான் பார்த்தது எது, பிறகு கேள்விப்பட்டது எது என்பதையும் பிரித்தே சொல்கிறேன்.

எங்கள் ரப்பர் தோட்டம் லாபிஸிலிருந்து உள்ளே போகும் மண்சாலையில் நான்கு மைல். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்கள் நான்கு. ஒவ்வொன்றிலும் ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்துப் பத்து வீடுகள். ஒரு பால் கொட்டகை, ஒரு புகைக்கூடம், ஒரு மாரியம்மன் கோயில், ஒரு பள்ளிக்கூடம். பள்ளிக்கூடம் என்பது தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. இடுப்பு உயரத்துக்குப் பலகைச் சுவர், அதற்கு மேல் வெறும் காற்று. நாற்பது பிள்ளைகளுக்கு ஒரே வாத்தியார்.

வாத்தியார் நாற்காலியில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டு பாடம் சொல்வார். அவர் ஒரு வரி சொல்ல, நாங்கள் அதையே திருப்பிச் சொல்வோம். யாருடைய குரல் குறைந்தாலும் கண்ணைத் திறக்காமலே பிரம்பை அந்தப் பக்கம் நீட்டுவார். கோதுமை பற்றி ஒரு பாடம் இருந்தது. கோதுமை வயலை நான் இன்றுவரை பார்த்ததில்லை. ஆனால் எந்த மண்ணில், எந்த மாதத்தில் அதை விதைக்க வேண்டும் என்று இப்போது கேட்டாலும் ஒரு பத்தி ஒப்பிப்பேன். மழை பெய்தால் தகரத்தின் சத்தத்தில் அவர் குரல் கேட்காது. அப்போதும் நிறுத்த மாட்டார். உதடு மட்டும் அசையும். நாங்களும் எதையோ நினைத்துக்கொண்டு உதட்டை அசைப்போம். ஜப்பான்காரர்கள் வந்த பிறகு, காலையில் கிழக்கே திரும்பிக் குனிவதும் ஜப்பான் மொழியில் ஒன்று இரண்டு எண்ணுவதும் சேர்ந்துகொண்டன. அவற்றையும் அவர் அதே நாற்காலியிலிருந்து, அதே ராகத்தில் சொல்லிக் கொடுத்தார்.

எனக்கு ஒன்பது வயது நடந்தபோது வாத்தியார் மலேரியாவில் படுத்தார். கொயினா கிடைக்காத காலம். இரண்டு வாரம் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது. பள்ளிக்கூடம் நடந்தாக வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு இருந்ததால், தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி ஆள் தேடினார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸரின் தங்கை, ஜோகூர் பாருவில் குண்டு விழுந்த வாரத்தில் அண்ணன் வீட்டுக்கு வந்தவர், அங்கேயே தங்கியிருந்தார். இருபத்திரண்டு வயது. பட்டணத்துப் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் படித்தவர். அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். நாங்கள் அவரை டீச்சர் என்று அழைத்தோம். அதற்கு முன் அந்தச் சொல்லுக்குத் தோட்டத்தில் வேலை இருந்ததில்லை.

அவர் நாற்காலியில் உட்காரவில்லை. சாக்கட்டி தீர்ந்துபோயிருந்தது. சிலேட்டுகளில் பாதி உடைந்தவை. பழைய பாடப் புத்தகங்களைக் கிராணி கட்டிக்கொண்டு போய்விட்டார். டீச்சர் அலமாரியைத் திறந்து பார்த்தார், மூடினார், எங்களை வெளியே வரச் சொன்னார்.

முதல் பாடம் தண்ணீர்க் குழாய். பள்ளிக்கூட வாசலிலிருந்து குழாய் வரை எத்தனை அடி என்று கேட்டார். ஆளுக்கொரு எண் சொன்னோம். எல்லாவற்றையும் குச்சியால் தரையில் எழுதினார். பெரிய கங்காணியின் மகன் நூறு என்று அடித்துச் சொன்னான். பிறகு எல்லோரையும் நடக்கவிட்டு எண்ணச் சொன்னார். அறுபத்து நான்கு. கங்காணி மகன் இன்னொரு தடவை நடந்து பார்த்தான். அப்போதும் அறுபத்து நான்குதான். டீச்சர் சிரிக்கவில்லை. தான் சொன்னால்கூட நம்ப வேண்டாம், போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள் என்றார். அது எங்களுக்குப் புதிதாக இருந்தது. பெரியவர் ஒருவர் தன்னை நம்பாதே என்று சொல்லி அதற்குமுன் நாங்கள் கேட்டதில்லை.

மரவள்ளிக் குச்சிகளை ஒடித்துத் தரையில் எழுத்து அமைத்தோம். அவித்த மரவள்ளிக் கிழங்கை அரை, கால், அரைக்கால் என்று வெட்டிப் பின்னம் படித்தோம், படித்ததும் தின்றோம். அன்று வீட்டுக்குப் போனதும் இன்றைக்கு என்ன பாடம் என்று அப்பா கேட்டார். சொன்னேன். "அப்ப பாடத்த தின்னுட்டு வந்துட்டியா? நாளைக்கு எனக்கும் ரெண்டு பாடம் கொண்டா" என்றார். அரிசி அட்டைக்குக் கிடைத்த அரிசி வாரத்தின் முதல் மூன்று நாளோடு முடிந்துவிடும். குழாயடியில் பெண்கள் பேசிக்கொண்டார்கள்: பள்ளிக்கூடத்தில் இப்போது படிப்பே கிடையாதாம், மண் விளையாட்டுத்தானாம். பசி தெரியாமல் இருக்கிறதே, அது போதும் என்றார் அம்மா.

நான் அதற்குமுன் பள்ளிக்கூடத்தில் விழித்திருந்ததில்லை என்பது அந்த மாதங்களில்தான் எனக்குத் தெரிந்தது.

களிமண் தோட்டம் மூன்று வாரத்து வேலை. ஆற்றோரத்திலிருந்து சாக்கில் மண் சுமந்து வந்தோம். பழைய சாக்கின் வாடையும் ஈர மண்ணின் வாடையும் இப்போதும் எங்காவது சேர்ந்து வந்தால் நான் நின்றுவிடுவேன். அறையின் பின்பகுதியில், இரண்டு பாய் விரித்த அகலத்துக்குத் தோட்டம் எழும்பியது. லயங்களுக்கு வாழைமட்டைக் கூரை. புகைக்கூடத்துக்கு மேலே தேங்காய் நாரைச் செருகிப் புகை ஆக்கினோம். ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை பேர் என்பதை அந்தந்த வீட்டுப் பிள்ளை வைக்க வேண்டும். ஆண்களுக்கு ரப்பர் விதை, பெண்களுக்குச் சிவப்பு மஞ்சாடி விதை, பிள்ளைகளுக்குக் கூழாங்கல். பிள்ளை இல்லாத வீடுகளுக்கு அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். கேட்டு வந்து வைக்கக் கூடாது. டீச்சரின் விதி ஒன்றே ஒன்று: கண்ணால் பார்த்ததை மட்டும் வை.

இந்த இடத்தில் மாமாவைச் சொல்ல வேண்டும்.

மாமா என் அம்மாவின் தம்பி. இருபது வயது, கல்யாணம் ஆகாதவர். எங்கள் வீட்டில்தான் இருந்தார். அந்த வருடத் தொடக்கத்தில் சயாம் ரயில் பாதை வேலைக்கென்று தோட்டத்திலிருந்து முதல் லாரி போனது. மூன்று மாதத்தில் திரும்பலாம் என்றார்கள். மூன்று மாதம் முடிந்தும் ஒரு கடிதம்கூட வரவில்லை. அடுத்த பட்டியலில் கல்யாணமாகாத ஆண்கள் என்று செய்தி வந்ததும் மாமா 'மெர்சிங்குக்கு' மீன் பிடிக்கப் போய்விட்டார். கிராணி அதை அப்படியே எழுதிக்கொண்டு, அரிசி அட்டையிலிருந்து ஒரு ஆளின் பெயரை அடித்துவிட்டார். கிராணிக்கு உண்மை தெரிந்தே இருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். மாமா இருந்தது மெர்சிங்கில் அல்ல. தோட்டத்து எல்லைக்கு அப்பால், மரவள்ளிக் காட்டுக்குள் ஒரு குடிசையில். ஆண்கள் வேலைக்காட்டுக்குப் போன பிறகு, முற்பகலில் பின்பக்கமாக வீட்டுக்கு வந்து, எதையாவது சாப்பிட்டுவிட்டுப் போவார். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நானும் அவரைப் பார்ப்பேன்.

அம்மா என்னை அடுப்பங்கரையில் நிறுத்தி வைத்துச் சொன்னார்: "மாமா மெர்சிங்குக்குப் போயிருக்காரு. இங்க இருக்காருன்னு யாருகிட்டயும் சொல்லக் கூடாது. செத்தாலும் சொல்லக் கூடாது." நான் சரி என்றேன். யாரிடமும் சொல்லவில்லை. கடைசிவரை சொல்லவில்லை.

வைத்தேன்.

இரண்டும் ஒன்று என்று எனக்குத் தோன்றவில்லை. சொல்வது வாத்தியாரின் பாடம். வைப்பது டீச்சரின் பாடம். ஒன்பது வயதில் அவை இரண்டும் வேறு வேறு பள்ளிக்கூடங்களாகவே இருந்தன.

மாமாவுக்கு அது தெரியும். ஒரு முற்பகல், காய்ச்சல் என்று நான் வீட்டில் இருந்தபோது, களிமண் தோட்டத்தைப் பற்றி அவரிடம் சொன்னேன். என்னை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டார். நம் வீட்டு வாசலில், அப்பாவுக்குப் பக்கத்தில் என்றேன்.

"நான்தான் மெர்சிங்குல இருக்கேனே, பாப்பா."

"நான்தான் பாக்குறேனே, மாமா."

அவர் வாயில் கிழங்கோடு சிரித்தார். புரையேறியது. பிறகு வெளியே போய், மரத்தடியில் தேடி, பெரிய ரப்பர் விதை ஒன்றை எடுத்து வந்தார். அதன் முதுகில் கறுப்பு வரிகள் மூன்று, நடுவில் உள்ளது உடைந்த வரி. சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடாக்கி என் கையில் சுட்டார். நான் கத்தினேன். வைக்கத்தான் போகிறாய், நல்லதாக ஒன்றை வை என்று அதையே கொடுத்தார். அவருக்கும் அது விளையாட்டாகத்தான் தெரிந்திருக்கிறது. அந்த வீட்டில் பயப்படத் தெரிந்தவர்கள் அம்மாவும் அப்பாவும்தான். அவர்கள் பள்ளிக்கூடத்துக்குள் வந்ததில்லை.

ஜப்பான் அதிகாரி ஒருவர் தோட்டத்தைப் பார்வையிட வருகிறார், பள்ளிக்கூடத்துக்கும் வருவார் என்று தெரிந்தது. அவர் வருவதற்கு முந்தின நாள் மத்தியானம், கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாத்தியார் வந்தார். இரண்டு மாதத்தில் பாதியாகியிருந்தார். பழக்கத்தில் நாங்கள் எழுந்து நின்றோம். அவர் களிமண் தோட்டத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். லயம் லயமாகப் பார்த்தார். அவருடைய உதடு மழைநாளில் போல அசைந்தது. எண்ணுகிறார் என்று நினைத்தேன்.

"அம்மா, நான் முப்பது வருசமா வாயாலயே ஓட்டுனவன்" என்றார் டீச்சரிடம். "வாயால சொன்னது காத்தோட போயிரும். வச்சது அங்கயே நிக்கும்."

டீச்சரின் முகம் மலர்ந்தது. "அதுக்குத்தான் ஐயா வைக்கச் சொல்றேன்" என்றார். பாராட்டு என்றே அவர் எடுத்துக்கொண்டார். நாங்களும் அப்படித்தான் எடுத்துக்கொண்டோம்.

பள்ளிக்கூடம் விட்ட பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. பல வருடங்களுக்குப் பின் வாத்தியார் சொன்னது இது. அவர் டீச்சரைத் தனியாக நிறுத்தி, தோட்டத்தில் இருந்துகொண்டே இல்லாமல் இருக்கும் நான்கு பேரின் வீடுகளைச் சொல்லியிருக்கிறார். டீச்சர் தோட்டத்துக்குப் புதியவர், டிரஸர் வீட்டுப் பெண். லயத்து ரகசியம் எதுவும் அந்தப் படியேறிப் போனதில்லை. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். பிறகு, தானே எடுத்துவிடுவதாகச் சொல்லி வாத்தியாரை அனுப்பி வைத்தாராம்.

இனி மறுநாள் காலை எட்டுப் பத்துக்கு வருகிறேன். குழியைப் பார்த்தேன். விதை தானாக விழுந்திருக்கும் என்று தரையில் தேடினேன். பெருக்கினேன், குப்பையில் கையைவிட்டுத் துழாவினேன். இல்லை. பலகைச் சுவரின் மேல்விளிம்பில் ஒரு தேங்காய்ச் சிரட்டை இருந்தது. எட்டிப் பார்த்தேன். உள்ளே நான்கு ரப்பர் விதைகள். மேலாக இருந்தது மூன்று கறுப்பு வரி உள்ளது. நடு வரி உடைந்தது.

யாரோ விழுந்ததை எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். மற்ற மூன்றும் யாருடையவை என்று எனக்குத் தெரியவில்லை. பார்க்காததை வைக்கக் கூடாது என்பதால் அவற்றைத் தொடவில்லை. என்னுடையதை எடுத்தேன். குழியில் எச்சிலைத் தொட்டு ஈரமாக்கி, விதையை அழுத்தி வைத்தேன். முன்பைவிட உறுதியாக நின்றது.

டீச்சர் ஏன் அந்த விதைகளைக் காட்டுக்குள் எறியவில்லை என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். அதிகாரி போன பிறகு திரும்ப வைத்துவிட நினைத்திருப்பார். பிள்ளைகள் பார்த்து வைத்ததை நிரந்தரமாக எடுத்துவிட அவருக்கு மனம் வந்திருக்காது. எங்களிடமும் எதுவும் சொல்லவில்லை. ஒன்று சொன்னால் நாற்பது வாய்க்குப் போகும் என்று பயந்திருப்பார். அதுவும் சரிதான்.

பத்து மணிக்கு வந்தார்கள். அதிகாரி, செகாமாட்டிலிருந்து அவருடன் வந்த தமிழ் மொழிபெயர்ப்பாளர், கிராணி, பெரிய கங்காணி. டீச்சர் அவர்களுக்குப் பின்னால் வந்தார். குனிந்தோம், பாடினோம். அதிகாரியின் கண் அறையின் பின்பகுதிக்குப் போனது. அவர் நேராக அங்கே நடந்தார். தொப்பியைக் கழற்றிவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். படையில் சேருமுன் தானும் பள்ளிக்கூட ஆசிரியர்தான் என்றாராம், மொழிபெயர்ப்பாளர் சொன்னார். புகைக்கூடத்து நாரைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். நடிப்பு இல்லை. நிஜமாகவே ரசித்தார். எது ஆண், எது பெண் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு எங்களுக்குக் கணக்கு வருகிறதா என்று பார்க்க, கைக்குச்சியால் ரப்பர் விதைகளை ஒவ்வொன்றாகத் தொட்டார். நாங்கள் ஜப்பான் மொழியில் எண்ண வேண்டும். இச்சி, நி, சான், சி, கோ. வாத்தியார் போட்டுக் கொடுத்த ராகம். தகரம் அதிர எண்ணினோம்.

முதல் லயம் முடிந்ததும் அதிகாரி கிராணியைத் திரும்பிப் பார்த்து, பட்டியலில் எத்தனை என்று கேட்டார். பிள்ளைகளின் கணக்கைச் சரிபார்க்கத்தான் கேட்டார். கிராணி அரிசி அட்டைப் பட்டியலைப் பிரித்துப் படித்தார். சரியாக இருந்தது. அதிகாரி கை தட்டினார். இரண்டாம் லயமும் சரி. அப்போதுதான் டீச்சர் முன்னால் வந்து எட்டிப் பார்த்தார். அவர் கண் ஏழாம் வீட்டில் நின்றது. அங்கிருந்து சிரட்டைக்குப் போனது. பிறகு எங்கள் முகங்களின் மேல் ஒவ்வொன்றாக வந்தது. என்னிடம் வந்ததும் நின்றுவிட்டது. நான் சிரித்தேன்.

மூன்றாம் லயத்தில் நாங்கள் இருபது எண்ணினோம். பட்டியலில் பத்தொன்பது.

அதிகாரி எங்களைத்தான் தப்பு என்று நினைத்தார். விரலை ஆட்டிச் சிரித்துவிட்டு, வீடு வீடாக மறுபடி ஆரம்பித்தார். கிராணியின் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. ஏழாம் வீட்டில் பட்டியலில் ஒருவர். குச்சி இரண்டு விதைகளைத் தொட்டது.

"அது பசங்க தப்பா வச்சது, சார். வெளையாட்டுல ஒண்ணு கூடிப்போச்சு" என்றார் டீச்சர்.

மொழிபெயர்ப்பாளர் அதைச் சொன்னார். அதிகாரி யோசித்தார். விதைகளை எப்படி வைத்தீர்கள் என்று பிள்ளைகளிடம் கேட்கச் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் எங்கள் பக்கம் திரும்பி அதையே தமிழில் கேட்டார். யார் முந்திக்கொண்டு சொல்வது என்ற போட்டியே வரவில்லை. நாற்பது பேருக்கும் பதில் தெரியும். ஒரே குரலில் வந்தது:

"கண்ணால பாத்தத மட்டும் வைக்கணும்!"

அதிகாரி எழுந்தார். முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். தொப்பியைப் போட்டுக்கொண்டார். டீச்சருக்கு முன்னால் நின்று குனிந்து வணக்கம் சொன்னார். நல்ல பள்ளிக்கூடம் என்று எழுதப் போவதாக மொழிபெயர்ப்பாளர் சொன்னார். எங்களுக்கு ஆளுக்கு ஒரு பனைவெல்லத் துண்டு கிடைத்தது. வாசலுக்கு வெளியே போய், அவர் கிராணியிடம் வேறு குரலில் பேசினார். அது எங்களுக்குக் கேட்டது, புரியவில்லை.

அன்று மாலை பெரிய கங்காணி எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. வெள்ளிக்கிழமை காலை லாரி வரும், மெர்சிங்கில் இருக்கும் ஆள் அதற்குள் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்துக்கு வந்து நிற்க வேண்டும், இல்லையென்றால் வீட்டில் இருக்கும் ஆள் ஏற வேண்டும் என்றார். அப்பா வேட்டி நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் போயிருந்தால் பின்னால் நாங்கள் மூன்று பிள்ளைகள். யாரும் யாரையும் போ என்று சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மாமா பின்வாசலால் வரவில்லை. லயத்தின் முன்பக்கமாக, எல்லோரும் பார்க்க நடந்து வந்தார். அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டார். அம்மாவிடம், "உப்பு கொஞ்சம் மடிச்சுக் குடுக்கா" என்று கேட்டார். உப்பு அன்று தங்கத்துக்குச் சமம். இருந்ததை எல்லாம் அம்மா காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். லாரியில் பதினொரு பேர். மாமா இடது பக்கம், பின்னாலிருந்து இரண்டாவதாக உட்கார்ந்தார். என்னிடம் தனியாக எதுவும் சொல்லவில்லை. லாரி லாபிஸ் ஸ்டேஷனுக்குப் போனது.

அன்று மத்தியானம் அம்மா டிரஸர் வீட்டுக்குப் போனார். நான் அவர் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன். டீச்சர் படியில் நின்றார். அம்மா சத்தம் போடவில்லை. சத்தம் போடும் தெம்பு அவரிடம் இல்லை.

"ஒன் வெளையாட்டுக்கு என் தம்பிதான் கெடச்சானா?"

டீச்சர் அம்மாவைப் பார்த்தார். பிறகு சேலைக்குப் பின்னால் இருந்த என்னைப் பார்த்தார்.

"தப்பு என்னுதுதான்க்கா" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. சொல்லக் கூடாது என்றுதானே எனக்குச் சொல்லியிருந்தார்கள். இதை நான் ஒரு சாக்காக எழுதவில்லை. அந்தப் படிக்கட்டில் எனக்கு அப்படித்தான் தோன்றியது. பிறகு வந்த ஆண்டுகளில் அப்படித் தோன்றாதபோதும் சொல்லவில்லை.

மறுநாள் பெண்கள் இரண்டு பேர் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து களிமண் தோட்டத்தின் மேல் ஊற்றிக் கரைத்தார்கள். திங்கட்கிழமை வாத்தியார், கம்பளியோடும் நடுக்கத்தோடும், நாற்காலிக்குத் திரும்பினார். தோட்டம் முழுக்க அவரை வாழ்த்தியது. பிள்ளைகளை ஒழுங்காக உட்கார வைத்து ஒழுங்காகப் பாடம் சொல்கிற மனிதர் என்றார்கள். அவர் கண்ணை மூடினார். நாங்கள் திருப்பிச் சொன்னோம். டீச்சரை அதன் பிறகு நான் இரண்டு தடவை பார்த்தேன், இரண்டும் தூரத்தில். நான்கு மாதத்தில் டிரஸருக்கு வேறு தோட்டத்துக்கு மாற்றல் வந்தது. அதற்குப் பின் அவரைப் பற்றி என்னிடம் செய்தி எதுவும் இல்லை. செய்தித்தாளில் இருந்த காலத்தில் இரண்டு முறை தேடினேன். கிடைக்கவில்லை.

மாமா திரும்பவில்லை. அந்த லாரியில் போன பதினொரு பேரில் திரும்பியவர் ஒருவர். மாமாவைக் கடைசியாக எங்கே பார்த்தார் என்று அவருக்கு நினைவில்லை. அம்மா சாகும்வரை 'அந்த வெளையாட்டு டீச்சர்' என்றே சொன்னார். என் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் எதையாவது செய்து வீட்டுக்குக் கொண்டு வந்தால், அதைத் தொட மாட்டார்.

வாத்தியாரை நான் கடைசியாகப் பார்த்தபோது அவர் லாபிஸில் மகன் வீட்டில் இருந்தார். பார்வை போய்விட்டிருந்தது. அவராகவே அந்தக் கதையை எடுத்தார். நான்கு வீடுகளைச் சொன்னதையும் டீச்சர் உட்கார்ந்துவிட்டதையும் அப்போதுதான் சொன்னார்.

"நாலையும் எடுத்துட்டேன்னுதாம்மா அந்தப் பொண்ணு என்கிட்ட சத்தியம் பண்ணுச்சு. ஒண்ணு எப்படி விட்டுப்போச்சோ, எனக்கு இன்னிவரைக்கும் வெளங்கல."

நான் அவருக்குக் காப்பியை ஆற்றிக் கொடுத்தேன்.

சிரட்டையில் மீதி இருந்தவை மூன்று விதைகள். அந்த மூன்று பேரும் போர் முடியும்வரை தோட்டத்தை விட்டுப் போகவில்லை. அவர்களில் ஒருவர் என் கல்யாணத்தில் பந்தி பரிமாறினார்.